விளக்கு எரிந்தது, பார்க்க ஆளில்லை!
(கணித மேதை ரிச்சர்ட் ஹாமிங் வாழ்க்கை)

மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை



ஆண்டு மலர் என்றால் சர் சி.வி. ராமன், எடிசன், அப்துல் கலாம் என்று எழுதுவது வழக்கம். அவர்களைப் பற்றி நமக்கெல்லாம் ஓரளவு தெரியும். நான் எழுத வந்திருப்பது, பேர் தெரியும் ஆனா ஆளைத் தெரியாது என்கிற ஒருவரைப் பற்றி. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தில் ஹாமிங் கோடு என்று ஒரு கணக்கு வருமே, ஞாபகம் இருக்கிறதா? பாரிட்டி பிட்டுகளைப் போட்டு, தப்பான பிட் எது என்று கண்டுபிடித்து, மார்க்கை வாங்கிக்கொண்டு அத்தோடு மறந்துவிடுகிறோம். அந்த ஹாமிங் என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் எந்தக் கோபத்தில் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார் என்று தெரிந்துகொண்டால் அதை மறக்கவே முடியாது. இன்றைக்கு உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்கள் எல்லாம் அவருக்குக் கடன்பட்டவை.

தொழிற்பள்ளி மாணவர்

ரிச்சர்ட் வெஸ்லி ஹாமிங் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் பிறந்தார். கிரேன் டெக்னிக்கல் ஹைஸ்கூல் என்ற தொழிற்பள்ளியில் படித்து, பிறகு கிரேன் ஜூனியர் காலேஜில் சேர்ந்தார். அதாவது நம்மை மாதிரியே தொழிற்கல்வி வாசலில் நின்றவர்தான். அவருடைய ஆசை எஞ்சினியர் ஆவது. ஆனால் அது 1930-களின் பொருளாதார மந்த காலம். வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை. உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம் ஒன்றுதான். அங்கே எஞ்சினியரிங் துறையே கிடையாது! வேறு வழியில்லாமல் கணிதம் எடுத்தார். 1937-இல் பட்டம், 1939-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முதுகலை, 1942-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் என்று படிப்படியாக ஏறினார்.

பின்னாளில் அவர் இதை நினைத்து வருத்தப்படவில்லை என்பதுதான் விசேஷம். எஞ்சினியர் ஆகியிருந்தால் சாக்கடைக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்திருப்பேன், கணிதத்துக்கு வந்ததால் ஆராய்ச்சியின் முன்வரிசைக்குப் போக முடிந்தது என்கிற அர்த்தத்தில் அவர் பேசியிருக்கிறார். பத்தாவது முடித்ததும், சீக்கிரம் ஒரு வேலைக்குப் போனால் போதும் என்று டிப்ளமோவில் சேர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! விரும்பிய வாசல் திறக்காவிட்டால் திறந்த வாசலில் நுழைந்து முழு மூச்சாக நடக்க வேண்டியதுதான். ஹாமிங் அப்படித்தான் நடந்தார்.

படிக்கிற காலத்தில் அவர் கையில் கிடைத்த இன்னொரு பொக்கிஷம் ஜார்ஜ் பூல் எழுதிய தர்க்க நூல். ஆமாம், நம்ம பூலியன் அல்ஜீப்ராவுக்குப் பேர் கொடுத்த அதே பூல்தான். பரீட்சைக்கு இல்லாத புத்தகத்தைப் படித்தது பிற்காலத்தில் எப்படிக் கைகொடுத்தது என்று பாருங்கள்.

பாலைவனத்தில் ஒரு கணக்கு

1942-இல் வாண்டா என்பவரை மணந்தார். லூயிவில் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். 1945-இல், இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் லாஸ் அலமோஸ் என்ற இடத்துக்கு அழைக்கப்பட்டார். அணுகுண்டு தயாரிக்கும் ரகசிய ஊர் அது. அங்கே பெரிய பெரிய இயற்பியல் மேதைகள் சமன்பாடு எழுதுவார்கள். ஐபிஎம் கணக்கு எந்திரங்களில் அட்டைகளைப் போட்டு விடை எடுத்துத் தருவது ஹாமிங்கின் வேலை. வாண்டாவும் அங்கேயே கணக்கு போடும் பணியில் சேர்ந்தார்.

1945 ஜூலை 16-ஆம் தேதி முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதற்குச் சற்று முன்னால் ஒருவர் வந்து, சில கணக்குகளைச் சரிபார்த்துத் தரும்படி ஹாமிங்கிடம் கேட்டார். இது என்ன கணக்கு என்று விசாரித்தால், குண்டு வெடிக்கும்போது பூமியின் காற்று மண்டலமே தீப்பற்றிக்கொள்ளுமா என்று பார்க்கும் கணக்காம்! ஹாமிங் ஆடிப்போய்விட்டார். வேறு யாரிடமும் தள்ளிவிடாமல் தானே உட்கார்ந்து பார்த்தார். கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்குக்குள் போட்ட சூத்திரங்களும் அளவுகளும் சரியா என்று சொல்ல தனக்கு வழியில்லை என்பதையும் அவர் உணர்ந்தார். கணக்கு சரியாக இருப்பது வேறு, கணக்குக்குள் போவது சரியாக இருப்பது வேறு. இந்தப் பாடம் கடைசிவரை அவர் மனதில் நின்றது.

இரண்டு வார இறுதிகள்

போர் முடிந்தபின் 1946-இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் அது. தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானன் அங்கே அவருடைய சகா. இருவரும் கொஞ்ச காலம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

அங்கே மாடல் 5 என்று ஒரு கணிப்பொறி இருந்தது. ட்ரான்சிஸ்டரும் இல்லை, வால்வும் இல்லை. முழுக்க முழுக்க ரிலேதான், சுமார் 9000 ரிலேக்கள்! துளை போட்ட காகித நாடாவில்தான் கணக்கையே கொடுக்க வேண்டும். ரிலே நமக்குத் தெரியாததா? காண்டாக்டில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் போச்சு, ஆன் ஆக வேண்டியது ஆஃப் ஆகவே நிற்கும். இதற்காகவே அந்த எந்திரத்தில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் இத்தனை ரிலே மட்டும்தான் ஆன் ஆக இருக்கலாம் என்று விதி. எண்ணிக்கை கூடினாலோ குறைந்தாலோ எந்திரம் தானாக நின்று, விளக்கை எரியவிட்டு ஆளைக் கூப்பிடும். ஆபரேட்டர் வந்து கோளாறைச் சரிசெய்து மறுபடி ஓட்டுவார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கப்பா ஓட்டும் விசைத்தறிதான் ஞாபகம் வந்தது. ஊடை நூல் அறுந்துபோனால் தறி தானாக நின்றுவிடும். எட்டு தறி இரைச்சலுக்கு நடுவில் ஒரு தறியின் சத்தம் மட்டும் நின்றுபோனதை அப்பா எப்படியோ கண்டுபிடித்து ஓடுவார். பள்ளிக்கூடம் தாண்டாதவர்தான், ஆனால் அலாரம் என்றால் என்ன என்பதை எனக்கு முன்பே தெரிந்தவர். தறி நிற்கும், ஆனால் நூலைத் தானே முடிந்துகொள்ளாது. ஆள் இல்லாவிட்டால் அது நின்றபடியே நிற்கும்.

மாடல் 5-இன் நிலைமை அதைவிட மோசம். வாரநாட்களில் ஆபரேட்டர்கள் இருந்தார்கள். சனி, ஞாயிறுகளில் யாரும் கிடையாது. அந்த நேரத்தில் பிழை வந்தால் எந்திரம் அந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, வரிசையில் அடுத்த கணக்குக்குப் போய்விடும். ஹாமிங் அப்போது ஆய்வகத்துக்குப் புதியவர். பெரியவர்களுக்கு வாரநாட்கள், அவருக்கு வார இறுதி. 1947-இல் ஒரு வெள்ளிக்கிழமை தன் கணக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இல்லை. எங்கோ ஒரு பிழை, எந்திரம் கைகழுவிவிட்டது. சரி போகட்டும் என்று அடுத்த வாரமும் கொடுத்தார். அடுத்த திங்களும் அதே கதை!

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? புலம்பியிருப்போம், ஆபரேட்டர் வேண்டும் என்று மனு எழுதியிருப்போம். ஹாமிங்குக்கும் கடும் கோபம்தான். ஆனால் அந்தக் கோபம் ஒரு கேள்வியாக மாறியது. பிழை வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எந்திரத்துக்குத் தெரிகிறது. அப்படியானால் பிழை எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க ஏன் முடியாது? ரெண்டே எண்கள்தான், ஒன்று, பூஜ்யம். இடம் தெரிந்துவிட்டால் அதை மாற்றிப்போட்டால் சரியாகிவிடுமே! அவ்வளவுதாங்க, ஒரு துறையே இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

ஏழு பிட் கணக்கு

முதலில் பிட்டுகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பாரிட்டி வைத்துப் பார்த்தார். எந்த வரிசை, எந்த பத்தி தப்பு என்று தெரிந்தால் இரண்டும் சந்திக்கும் இடம்தான் பிழை. ஆனால் இதற்குக் கூடுதல் பிட்டுகள் நிறையச் செலவாகின்றன. முக்கோணமாக அடுக்கினார், கனசதுரமாக அடுக்கினார், யோசித்துக்கொண்டே போய்க் கடைசியில் மிகக் குறைந்த செலவுள்ள வழியைப் பிடித்தார்.

வழி இதுதான். ஏழு இடங்கள் வைத்துக்கொள்வோம். 1, 2, 4 ஆகிய இடங்கள் பாரிட்டிக்கு. 3, 5, 6, 7 ஆகியவை நம் தகவலுக்கு. அனுப்ப வேண்டிய தகவல் 1011 என்றால் மொத்தம் 0110011 என்று வரும். வழியில் 6-ஆம் பிட் கெட்டு 0110001 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மூன்று சோதனை. 1, 3, 5, 7 இடங்களில் எத்தனை ஒன்று? இரண்டு, இரட்டைப்படை, சரி. 2, 3, 6, 7-இல்? மூன்று, ஒற்றைப்படை, தப்பு. 4, 5, 6, 7-இல்? ஒன்று, அதுவும் தப்பு. தப்பான சோதனைகளின் எண்கள் 2, 4. கூட்டினால் 6. ஆறாவது பிட்தான் குற்றவாளி என்று கணக்கே விரல் நீட்டிக் காட்டிவிடுகிறது! பரீட்சையில் எந்திரம் போலப் போட்டுவிட்டு வந்த கணக்கை இப்போது ஒருமுறை ரசித்துப் போட்டுப் பாருங்கள்.

ஷானன் 1948-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலேயே இந்த ஏழு பிட் உதாரணம் ஹாமிங் பெயரோடு வந்தது. அதை வைத்து மார்செல் கோலே என்பவர் 1949-இல் ஒரே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹாமிங்கின் சொந்தக் கட்டுரையோ, காப்புரிமை வேலை முடியட்டும் என்று நிறுத்திவைக்கப்பட்டு, 1950 ஏப்ரலில்தான் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் வந்தது. சகா ஹோல்புரூக்குடன் சேர்ந்து அவர் பெற்ற காப்புரிமை 1951-இல் வழங்கப்பட்டது.

சர்வருக்குள் ஹாமிங்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ ரயில்வே முன்பதிவிலோ ஓடும் சர்வரில் சாதாரண ராம் போடுவதில்லை, ஈசிசி ராம் போடுகிறார்கள். 64 பிட் தகவலுக்கு 8 பிட் காவல், ஆக மொத்தம் 72 பிட். ஏன் எட்டு? ஏழு காவல் பிட்டுகளால் 128 நிலைகளைச் சுட்டலாம். 64 தகவல், 7 காவல், பிழையே இல்லை என்ற நிலை ஒன்று, ஆக 72 நிலை, 128-க்குள் அடங்கிவிடுகிறது. எட்டாவது பிட், ஒரே நேரத்தில் இரண்டு பிட் கெட்டுப்போனால் அதையாவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு. பின்னால் வந்தவர்கள் மெருகேற்றியிருந்தாலும் அடிப்படை ஹாமிங்குடையதுதான். டிடிஆர்4 வரையிலான சாதாரண ராம் ஸ்டிக் ஒன்றில் ஒரு பக்கம் 8 சிப் இருந்தால் ஈசிசி ஸ்டிக்கில் 9 இருக்கும். லேப்பில் பழைய சர்வர் ராம் கிடைத்தால் எண்ணிப் பாருங்கள், அந்த ஒன்பதாவது சிப்தான் ஹாமிங்.

ஆனால் நண்பர்களே, இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒரு பிட் கெட்டால் சர்வர் தானே திருத்திக்கொண்டு வேலையைத் தொடரும். உபயோகிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. நல்லதுதான். ஆனால் அதே ராமில் அதே இடத்தில் தினமும் பத்து தடவை திருத்த வேண்டியிருக்கிறது என்றால் அந்த ராம் சாகப்போகிறது என்று அர்த்தம். ஒருநாள் இரண்டு பிட் சேர்ந்து கெடும். அதைத் திருத்த முடியாது. தப்பான தகவலைக் கொடுப்பதைவிட நிற்பதே மேல் என்று சர்வர் நின்றுபோகும். அதனால்தான் திருத்தியதையும் எழுதி வைக்கிறார்கள். அந்தக் குறிப்பேட்டுக்குப் பெயர் சிஸ்டம் ஈவன்ட் லாக்.

சர்வர் போர்டில் பிஎம்சி என்று ஒரு குட்டிக் கன்ட்ரோலர் இருக்கிறது. முக்கிய ப்ராசசர் அணைந்திருந்தாலும், ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் இது மட்டும் விழித்திருக்கும். ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது, ப்ராசசர் எத்தனை டிகிரி சூடு, வோல்டேஜ் எவ்வளவு, பவர் சப்ளை உயிரோடு இருக்கிறதா என்று சென்சார்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எச்சரிக்கை அளவு, ஆபத்து அளவு என்று எல்லைகள் வைத்திருப்பார்கள். எல்லை தாண்டினால் நேரத்தோடு லாகில் எழுதி, அலர்ட் அனுப்பும். கம்பெனிக்கு ஒரு முறை என்று இருந்ததை மாற்றி, இன்டெல், எச்பி, டெல், என்இசி ஆகிய நான்கும் சேர்ந்து 1998 செப்டம்பரில் ஐபிஎம்ஐ என்ற பொது விதியை வெளியிட்டன. 2015-இல் ரெட்ஃபிஷ் என்ற புதிய விதி வந்தது. லினக்ஸில் ஐபிஎம்ஐடூல் என்ற கமாண்டில் செல் லிஸ்ட் என்று போட்டால் சர்வரின் மொத்த மருத்துவக் குறிப்பும் வரிசையாக வரும்.

இவ்வளவு இருந்தும் நடப்பது என்ன? பயிற்சிக்குப் போன ஓர் இடத்தில் சர்வர் ஒன்றில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்டால், அது ரொம்ப நாளாவே அப்படித்தாம்ப்பா என்றார்கள். இரண்டு பவர் சப்ளையில் ஒன்று செத்துப்போய், மற்றொன்று முழு பாரத்தையும் சுமந்துகொண்டிருந்தது. இன்னொன்றும் போனால் சர்வரே போகும். லாகோ நிரம்பிவிட்டிருந்தது. நிரம்பினால் புதிய செய்திகளை ஏற்காத மாதிரி அமைப்பு வைத்திருந்ததால் அதற்குப் பிறகு நடந்தது எதுவுமே பதிவில் இல்லை. மெயிலில் அலர்ட்டுகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததால் யாரும் திறப்பதே இல்லை. ஹாமிங் காலத்தில் விளக்கு எரிந்தது, பார்க்க ஆளில்லை. இங்கே ஆள் இருந்தார்கள், பார்க்கும் வழக்கம் இல்லை. இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்.

பிற்கால வாழ்க்கை

ஹாமிங் ஒரு கண்டுபிடிப்போடு உட்கார்ந்துவிடவில்லை. சிக்னல் பிராசசிங்கில் ஹாமிங் விண்டோ என்று அவர் பெயரில் இன்னொன்று உண்டு. ஆய்வகத்தில் மதிய சாப்பாட்டுக்குக் கணிதக்காரர்களோடு உட்காராமல் இயற்பியல், வேதியியல் ஆட்களின் மேஜைக்குப் போய், உங்கள் துறையில் இன்றைக்கு முக்கியமான பிரச்சினை எது என்று துருவித் துருவிக் கேட்பாராம். அதைத்தான் செய்கிறீர்களா என்று அடுத்த கேள்வியும் கேட்டால் யாருக்குத்தான் சாப்பாடு இறங்கும்! வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு சில்லறை வேலைகளை ஒதுக்கிவிட்டு, பெரிய விஷயங்களை மட்டுமே யோசிப்பது என்று வைத்திருந்தார்.

1958 முதல் 1960 வரை ஏசிஎம் என்னும் கணிப்பொறி சங்கத்தின் தலைவராக இருந்தார். கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது 1968-இல் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற மூன்றாவது மனிதர் அவர். 30 வருட சேவைக்குப் பின் 1976-இல் பெல் ஆய்வகத்தை விட்டு, கலிபோர்னியாவில் மான்டெரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். ஐஇஇஇ நிறுவனம் அவர் பெயரிலேயே ஒரு பதக்கம் ஏற்படுத்தி 1988-இல் முதல் பதக்கத்தை அவருக்கே கொடுத்தது. 1997 டிசம்பர் வரை வகுப்பு எடுத்தார். சில வாரங்களில், 1998 ஜனவரி 7-ஆம் தேதி, மாரடைப்பால் காலமானார். வயது 82. சர்வர்களுக்கெல்லாம் பொதுவான ஐபிஎம்ஐ விதி வந்தது அதே ஆண்டில், எட்டு மாதம் கழித்து.

நாம் கற்க வேண்டியது

தோழர்களே! நம்மில் பலர் நாளைக்கு டேட்டா சென்டரில் நைட் ஷிப்டில் உட்காரப் போகிறவர்கள். திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு பார்ப்பதுதானே, இது ஒரு வேலையா என்று நமக்கே தோன்றலாம். வீட்டில் கேட்டால் விளக்கிச் சொல்லவும் கஷ்டமாக இருக்கும். ஆனால் எந்திரத்தால் ஒரு பிட்டைத்தான் திருத்த முடியும். இரண்டாவது பிட் கெடும் முன்னால் அந்த ராமைக் கழற்றி மாற்ற ஒரு மனிதன் வேண்டும். அந்த மனிதன்தான் நாம்.

அலர்ட் வந்தால் ஏன் வந்தது என்று பாருங்கள். தேவையில்லாத அலர்ட் என்றால் எல்லை அளவைச் சரியாக வையுங்கள், காதை மூடிக்கொள்ளாதீர்கள். லாகைப் பத்திரமாக வேறிடத்தில் சேமித்தபிறகு காலி செய்யுங்கள். தானாகச் சரியானதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், அதே இடம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கோளாறு இரண்டாவது திங்கட்கிழமையும் வந்தால், இதை எந்திரமே பார்த்துக்கொள்ள ஒரு வழி செய்யலாமா என்று யோசியுங்கள். ஹாமிங்குக்கு அந்த யோசனை வந்தபோது வயது 32. நமக்குப் பதினெட்டுதான். நேரம் நிறைய இருக்கிறது.